முதல் கியரில் நிறுத்திய வண்டி

அந்த டிசம்பரில் லீயென் வீட்டு வண்டிக் கொட்டகைக்குள் போய் வந்தவர்கள் மூன்று பேர். வீட்டுக்கு மூத்தவர் குட்முன் லீயென், வயது எழுபத்திரண்டு, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டைக் கடக்கும் படகுகளில் நாற்பது வருடம் எஞ்சின் பார்த்தவர். இறந்துபோன தம்பியின் மகள் எல்ட்ரிட். அவள் கணவன் யோஸ்தைன், நகரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். வேறு யாரும் இல்லை. கொட்டகையின் இரண்டு சாவிகளும் குட்முனின் கழுத்துக் கயிற்றில் கிடந்தன. அவர் திறந்துவிடாமல் யாரும் உள்ளே போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது டென்ஷனரைக் கழற்றி விளக்கடியில் பிடித்தபோதுதான் அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கட்டைவிரல் அளவு இரும்புக் குழாய் அது. அதிலிருந்து ஒரு முளை நீண்டு, எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தொய்யாதபடி அழுத்திப் பிடித்திருக்கும். செயின் தேயத் தேய முளை ஒவ்வொரு பல்லாக வெளியே வரும். வந்தது திரும்பிப் போகாது. கெட்டுப்போன டென்ஷனர்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். எல்லாம் முளையை முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு கெட்டவை. இது உள்ளே போயிருந்தது. பற்கள் ஒரு பக்கமாக மழுங்கி, முளை கழுத்துவரை அமுங்கிக் கிடந்தது.

கழிவுத் தகரத்தைக் கிளறி முதல் இரண்டையும் எடுத்துத் துடைத்துப் பார்த்தார். அவையும் உள்ளேதான் போயிருந்தன.

வண்டி தம்பி சிக்வாருடையது. சாம்பல் நிறம், நீளமான பின்பக்கம். பதினாறு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அக்டோபரில் சிக்வாரின் மனைவி ராக்னா இறந்து, அம்மாவின் சாமான்களை ஒழிக்க வந்த எல்ட்ரிட் பாத்திரம் வேண்டாம், மேசை வேண்டாம், அப்பாவின் வண்டி மட்டும் போதும் என்றாள். இரும்புக்குப் போடலாம் என்று குட்முன் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. "எஞ்சின சரி பண்ண முடியாதுன்னா சொல்லிடுங்க பெரியப்பா, வேற ஆளப் பாக்குறேன்" என்றாள். முடியாது என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. எஞ்சினை இறக்கி, ஒவ்வொரு உருப்படியாகப் பிரித்து, புது பேரிங், புது பிஸ்டன் வளையம், புது செயின் போட்டு, ஆறு வாரத்தில் திரும்ப ஏற்றினார்.

அவள் ஏன் அந்த வண்டியைக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் யாரும் ஹேண்ட் பிரேக் இழுப்பதில்லை. கம்பி உறைந்து பிடித்துக்கொண்டால் காலையில் சக்கரம் அசையாது. முதல் கியரில் விட்டுவிட்டு இறங்குவார்கள். நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சிக்வார் அதை மறந்தான், முற்றத்துச் சரிவில் நியூட்ரலில் நின்ற வண்டி திறந்த கொட்டகைக்குள் உருண்டு போய், கடைசிச் சுவரோரம் நின்றிருந்த அவனையே சுவரோடு வைத்து நசுக்கியது என்பது ஊர் அறிந்த கதை. கடை வாசலில் எவன் வண்டியாவது ஒரு அடி நகர்ந்தால்கூட, "சிக்வார் மாதிரி நிறுத்தியிருக்கான் பாரு" என்பார்கள். எல்ட்ரிட் பள்ளிக்கூடம் முடியும்வரை அதைக் கேட்டு வளர்ந்தவள். அந்த வண்டி தன் எஞ்சினில் ஓடி, அவள் கையில், ஊர் நடுவே போக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஆனால் வண்டி போகவில்லை. டென்ஷனரின் குறை குளிர்ந்த எஞ்சினில்தான் காதுக்குக் கேட்கும். ஆகையால் இரவெல்லாம் நிற்கவிட்டுக் காலையில் ஒரே ஒரு தடவை கிளப்பிப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு சோதனை. ஒவ்வொரு புது டென்ஷனரும் இரண்டு மூன்று காலை ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு காலை, சாவியைத் திருப்பியதும், எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து அந்தக் கலகலப்பு வரும். மூன்றாவது தடவை அது வந்தபோது யோஸ்தைன் கதவோரம் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"கரண்டி டிராயர மாடிப்படியில உருட்டுன மாதிரி இருக்கு" என்றான். "பெரியவரே, படகுலயும் இப்படித்தான் சத்தம் வருமா? இல்ல, நம்ம குடும்பத்துக்குன்னு தனியா பண்ணுறீங்களா?"

எல்ட்ரிட் சிரிக்கவில்லை. வண்டியைப் பார்க்கவுமில்லை. பெரியப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையின் பொருள் அவருக்குப் புரிந்தது. வண்டி வெளியே போவதை இந்தக் கிழவர் விரும்பவில்லை, அவரே கெடுக்கிறார் என்று அவள் நினைக்கிறாள். அவர் யோஸ்தைனைச் சந்தேகித்தார். பழைய வண்டியை ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போக அவனுக்கு ஆசையில்லை என்பது முதல் நாளே தெரிந்திருந்தது. சூப் தட்டு நீட்டும்போதும் ரொட்டி வெட்டும்போதும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டார்கள்.

எண்ணெய் அழுத்தத்தை அளந்தார். சரியாக இருந்தது. எண்ணெய்த் துளையில் கம்பி விட்டுப் பார்த்தார். சுத்தம். செயின் உரசி ஓடும் தண்டுகள் நேராக இருந்தன. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான். முளையை உள்ளே தள்ள வேண்டுமானால் எஞ்சின் பின்புறமாகச் சுற்ற வேண்டும். எந்த எஞ்சினும் தானாகப் பின்புறம் சுற்றாது. கியரில் நிற்கும் வண்டியை யாராவது பின்னுக்குத் தள்ளினால் சுற்றும். சக்கரம் ஒரு சாண் நகர்ந்தால் போதும், உள்ளே எஞ்சினின் கிராங்க் தண்டு ஒன்றரைச் சுற்று திரும்பும்.

வண்டி கொட்டகையில் முதல் கியரில், மூக்கைக் கடைசிச் சுவருக்குக் கொடுத்து நின்றது. தண்ணீர் வடிவதற்காகத் தரை அந்தச் சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. பின்னுக்கு என்றால் மேட்டில். முதல் கியரில் பூட்டிய வண்டியை மேட்டில் தள்ள ஆறு ஆள் போதாது. நியூட்ரலில் விட்டாலும் ஒருவனால் ஆகாது, இரண்டு பேர் வேண்டும். இந்தக் கணக்கை அவர் இப்போது போடவில்லை. பதினாறு வருடத்துக்கு முன்பே போட்டு வைத்திருந்தார்.

நான்காவது டென்ஷனரைப் பூட்டினார். எண்ணெய் பம்பு செய்து ஏற்றினார். கிராங்க் சக்கரத்திலும் அதன் எதிரே எஞ்சின் உடம்பிலும் ஒரே கோட்டில் வெள்ளைப் பெயிண்ட் வைத்தார். நான்கு டயருக்கும் தரைக்கும் சேர்த்துச் சாக்கட்டியால் கோடு இழுத்தார். வெளியே வந்து பெரிய கதவையும் பக்கச் சுவரில் இருந்த சின்னக் கதவையும் பூட்டிச் சாவிகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். இருட்டுவதற்குள் பனி விழுந்தது. காலையில் அந்தப் பனியில் அவர் பூட்ஸ் தடம்தான் முதல் தடம்.

பெயிண்ட் கோடு நேராக இல்லை. கிராங்க் பின்புறமாகத் திரும்பியிருந்தது. சாக்கட்டிக் கோடுகள் தரையில் ஓர் இடத்திலும் டயரில் வேறோர் இடத்திலும் இருந்தன. நான்கு விரல் அகலம். மேட்டுப் பக்கம்.

அவர் குனிந்தவாக்கில் வண்டியின் முன்பக்கத்துக்குப் போனார். கொட்டகைக்குள் இருந்த ஈரமெல்லாம் இரவில் உறைந்து, பம்பரில், பானெட்டில், விளக்குக் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. பம்பரின் மேல்விளிம்பில் மட்டும், தோளகலம் விட்டு இரண்டு இடங்களில், அந்த வெள்ளை உருகிக் கறுப்பாகத் தெரிந்தது. இரண்டு உள்ளங்கைகள். விரல்கள் அகல விரிந்திருந்தன. இடது கைச் சுண்டுவிரல் பாதியில் நின்றிருந்தது.

சிக்வார் பதினான்காவது வயதில் விறகு வெட்டும் இயந்திரத்தில் அந்தப் பாதியை விட்டவன்.

சின்னக் கதவில் காலடி கேட்டது. குட்முன் சட்டைக் கையால் பம்பரை அழுத்தித் துடைத்தார். நிமிர்ந்தபோது எல்ட்ரிட் நின்றிருந்தாள்.

"என்னத்தத் துடைச்சீங்க?"

கிரீஸ் என்றார். அவள் அவருடைய நனைந்த சட்டைக் கையைப் பார்த்தாள். அதில் கிரீஸ் இல்லை.

"ஒண்ணு கேக்கணும் பெரியப்பா. அம்மா இருக்கிறவரைக்கும் கேக்கல." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். "ஒவ்வொரு தடவ வண்டிய விட்டு இறங்கும்போதும் அப்பா என்கிட்ட, முதல்ல கியரு, அப்புறம் கதவு, என்ன? அப்படின்னு கேப்பாரு. நான் பதில் சொன்னாத்தான் கதவத் திறப்பாரு. அந்த மனுஷனா மறந்தாரு? அன்னிக்கு வண்டியக் கடைசியா நிறுத்துனது யாரு?"

"உங்கப்பாதான்" என்றார் குட்முன். "போலீஸ்ல சொன்னேன். உங்கம்மாட்ட சொன்னேன். உனக்கும் சொல்றேன்."

"சரி" என்றாள். "நாளைக்குக் காலையில நாங்க கிளம்பறோம். வண்டி ஓடுனா வண்டியில. ஓடலன்னா பஸ்ல. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

அவள் போனபிறகு அவர் வால்வு கவரைத் திறந்து பார்த்தார். முளை பாதி அமுங்கியிருந்தது. இன்னும் ஓர் இரவு இப்படிப் போனால் இதுவும் முடிந்தது. கையில் வேறு டென்ஷனர் இல்லை.

ஃபியோர்டின் அந்தக் கரையில் நவம்பரிலிருந்து ஜனவரிவரை வெயில் விழாது. மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் கரைந்துவிடும். அன்று மூன்று மணிக்கு அவர் கொட்டகைக்குள் போய், கதவை உள்ளே பூட்டி, விளக்கைப் போடாமல், கருவி மேசையோரம் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். யோஸ்தைன் வந்தால் பிடிப்பது என்பதுதான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பழைய டீசலும் எலிப் புழுக்கையும் ஈரக் கயிறும் கலந்த வாடை, குளிர் ஏற ஏற ஒவ்வொன்றாக உறைந்து, கடைசியில் வெறும் இரும்பு வாடை மட்டும் மிஞ்சியது. தகரக் கூரையில் பனி தன் எடையை மாற்றிக்கொள்ளும்போது ஒரு பெருமூச்சுச் சத்தம் வந்தது. வீட்டுச் சமையலறை ஜன்னலின் மஞ்சள் வெளிச்சம் கதவிடுக்கு வழியாக வண்டியின் விலாவில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பம்பருக்கும் சுவருக்கும் நடுவே அவர் எப்போதும் ஒரே அளவு இடம் விட்டிருக்கிறார். எஞ்சின் ஏறிய நாளிலிருந்து, அளக்காமலே. ஓர் ஆள் நிற்கும் இடம்.

டக்.

எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது. சூடான எஞ்சின் ஆறும்போது இப்படித் தட்டும். ஆனால் இதை இரண்டு நாளாகக் கிளப்பவேயில்லை.

டக்.

டென்ஷனர் பல். ஒவ்வொன்றாக மழுங்கும் சத்தம். வண்டியின் விலாவில் கிடந்த மஞ்சள் கோடு நகர்ந்தது. கோடு நகரவில்லை. வண்டி நகர்ந்தது. நூலளவு. மேட்டுக்கு. மூக்குப் பக்கத்து இருட்டிலிருந்து மூச்சிரைக்கும் சத்தம் வரவில்லை, முனகல் வரவில்லை. டயருக்கடியில் மணல் பொடியும் சத்தம் மட்டும் வந்தது.

டக்.

இந்தத் தாளம் அவருக்குத் தெரியும். சிக்வார் செத்த அன்று, அவன் வண்டியில் கடைக்குப் போய்த் திரும்பிய குட்முன் அதை முற்றத்தில் நிறுத்தி இறங்கினார். வீட்டுக்குள் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஓடினார். படகுக் கம்பெனிக்காரன் பேசிக்கொண்டே போனான். முக்கால் மணி நேரம். கொட்டகையிலிருந்து தகரத்தைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். டக். நின்று, மறுபடி, டக். தம்பி ஏதோ வேலை செய்கிறான் என்று நினைத்தார். பேச்சு கேட்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தினார்.

ஜன்னலைச் சாத்தியதை அவர் எந்தப் போலீஸிடமும் சொன்னதில்லை.

"சிக்வார்" என்றார் இருட்டைப் பார்த்து. "போதும்டா. நாளைக்கு அவ எடுத்துட்டுப் போயிடுவா. விடு."

சத்தம் நின்றது. காத்திருப்பதுபோல நின்றது.

எஞ்சின்காரரின் மூளை அந்தப் பயத்திலும் வேலை செய்தது. கியரில் இருப்பதால்தானே எஞ்சின் சுற்றுகிறது? நியூட்ரலில் விட்டால் யார் எவ்வளவு தள்ளினாலும் செயினுக்கு ஒன்றும் ஆகாது. முளை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு காலைக்குத் தாங்கும். அவள் கிளப்பிக்கொண்டு போகட்டும். வண்டி போய்விட்டால் எல்லாம் அதோடு போய்விடும். லீயென் வீட்டுப் பேர் இருக்கிற இடத்தில் இருக்கும்.

முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு மர ஆப்புகளை அடித்து வைத்தார். ஓட்டுநர் கதவைத் திறந்து கையை விட்டு, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் கியர்த் தண்டை நடுவுக்குத் தள்ளி அப்படியே விட்டார். அது வெண்ணெயில் கத்தி போல வந்தது. வண்டி ஆப்பில் சாய்ந்து ஒரு தடவை அசைந்து நின்றது. அவர் ஓடவில்லை. நடந்துதான் வெளியே போனார்.

காலை ஏழரைக்கு எல்ட்ரிட் சமையலறையில் பழுப்புச் சீஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். பைகள் கதவோரம் தயாராக இருந்தன. குட்முன் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார். தானே முதலில் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

"கரண்டி டிராயர் உருளுனா எங்களுக்கு இங்கயே கேக்கும்" என்றான் யோஸ்தைன்.

சின்னக் கதவு கடைசிச் சுவரை ஒட்டியது. திறந்து விளக்கைப் போட்டவர் எதிரே வண்டி இல்லை. ஒரு கணம் அவருக்கு நிம்மதிகூட வந்தது. பிறகு பார்த்தார். வண்டி மேட்டு முனையில், பெரிய கதவில் பின்பக்கம் முட்டாத குறையாக, விளக்குக் கண்களை அவர் பக்கம் திருப்பி நின்றிருந்தது. நான்கு மீட்டர். ஆப்புகள் இரண்டும் சுவரடியில் ஒதுங்கிக் கிடந்தன. நியூட்ரலில், சரிவின் உச்சியில், அதைப் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் நின்றது.

ஆப்பை எடுக்க வேண்டும். எடுத்துப்போய் டயருக்கு அடியில் வைக்க வேண்டும். அவர் உள்ளே இரண்டடி வைத்தார். குனிந்தபோது சுவர் கண்ணில் பட்டது. வெள்ளையடித்த சுவர் முழுக்க உறைபனி. நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு, ஓர் ஆள் அகலத்துக்கு, பனி படியவே இல்லை. தோள்கள். தலை. இடுப்பு வரைக்கும் சுவர் ஈரமாகக் கறுத்திருந்தது.

மணல் பொடிந்தது.

திரும்பினார். வண்டி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் இல்லை. விளக்கு இல்லை. நடக்கும் வேகம்தான். ஒதுங்க நேரம் இருந்தது. அவர் பின்னால்தான் கால் வைத்தார். கணுக்காலில் ஆப்பு இடறியது. சுவர் முதுகில் பட்டது. பம்பர் தொடைகளில் வந்து உட்கார்ந்தது. மெதுவாக. எலும்பு ஒடியவில்லை. ஆனால் மூச்சு பாதியில் நின்றது. கத்தினார். சத்தம் வரவில்லை.

உள்ளங்கையால் பானெட்டைத் தட்டினார்.

டக்.

சமையலறையில் எல்ட்ரிட் தலையைத் தூக்கினாள். பெரியவர் வேலை செய்கிறார் என்றான் யோஸ்தைன். அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். குளிர் வந்துகொண்டிருந்தது.

டக்.

குட்முன் இரண்டு கைகளையும் பானெட்டின் விளிம்பில் ஊன்றித் தள்ளினார். ஒருவனால் ஆகாது. அவருக்குத் தெரியும். இரண்டு பேர் வேண்டும். மறுபடி தள்ளினார். அப்போதுதான் கீழே பார்த்தார்.

விளிம்பில் நான்கு கைகள் இருந்தன.

இரண்டு அவருடையவை. மற்ற இரண்டும் அவர் விலாக்களுக்கு இருபுறமும், பின்னாலிருந்து, சுவருக்கும் அவர் முதுகுக்கும் நடுவே காற்றுக்கூட நுழையாத இடத்திலிருந்து நீண்டு வந்திருந்தன. நகங்களில் பழைய கிரீஸ். இடது கைச் சுண்டுவிரல் பாதி. அந்தக் கைகள் தள்ளவில்லை. விரல்களை மடக்கி, விளிம்பைக் கெட்டியாகப் பிடித்து, தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

சிக்வார் லீயென் கியர் போட மறந்து செத்தான் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. அன்று அந்த வண்டியை நிறுத்தியது சிக்வார் அல்ல, குட்முன்.